பெரிய ஃபியூஸ் போட்டால் பழுது தீராது

மாணவர்களே, பகாவ், ரந்தாவ், லாபு பக்கத்துத் தோட்டங்களில் செம்பனைக் குலை ஏற்றும் லோரிகளைப் பார்த்திருப்பீர்கள். சிலவற்றின் முன்னால் கூடுதலாக இரண்டு விளக்குகள் இருக்கும். விடியும் முன்னே மண்சாலையில் லோரி ஓட்டுபவருக்கு அந்த வெளிச்சம் தேவைதான். ஆனால், அதற்கு மின்சாரத்தை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

முகப்பு விளக்குக்குப் போகும் வயரின் தோலைச் சீவி, புது விளக்கின் வயரை அதில் முறுக்கி, டேப் சுற்றிவிடுவது சுலபமான வழி. விளக்கும் எரியும். சிறிது நேரத்தில் ஃபியூஸ் போய்விடும். “சின்ன ஃபியூஸ், அதான் தாங்கல. பெருசா போடு” என்பார்கள். இந்தப் பேச்சைத்தான் நாம் நிறுத்த வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மின்திறனை வோல்ட்டால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும். 12 வோல்ட் சிறிய லோரியில் 55 வாட் முகப்பு விளக்குகள் இரண்டு என்றால் மொத்தம் 110 வாட். மின்னோட்டம் ஏறக்குறைய 9.2 ஆம்பியர். அதே வயரில் இன்னும் இரண்டு 55 வாட் விளக்குகளைச் சேர்த்தால் ஏறக்குறைய 18.3 ஆம்பியர். அங்கே 15 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தால், அது உருகுவது பழுதல்ல, அதன் கடமை.

அந்த இடத்தில் 30 ஆம்பியர் ஃபியூஸைப் போட்டால் விளக்கு அணையாது. ஆனால் வயர் அதே பழைய வயர்தான். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வயரில் உண்டாகும் வெப்பம் நான்கு மடங்காகும். மேலுறை இளகும், செம்புக் கம்பி லோரியின் இரும்பைத் தொடும், தீப்பொறி பறக்கும். தவணையில் வாங்கிய லோரியும் அதை ஓட்டுபவரின் உயிரும் சில வெள்ளி ஃபியூஸை நம்பியே இருக்கின்றன. ஃபியூஸ் காப்பது விளக்கை அல்ல, வயரை.

சரியான முறை கடினமானதல்ல. பேட்டரியிலிருந்து விளக்குகளுக்குத் தனி வயர் இழுக்க வேண்டும். பேட்டரிக்கு மிக அருகிலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். 9.2 ஆம்பியர் இழுக்கும் விளக்குகளுக்கு 15 ஆம்பியர் ஃபியூஸ் போதும். வயர் அதைவிடக் கூடுதலாகத் தாங்க வேண்டும். நடுவே ஒரு ரிலே வைத்தால், சுவிட்ச் வழியாக மிகச் சிறிய மின்னோட்டமே போகும். இரும்புத் துளைகளில் வயர் நுழையுமிடத்தில் ரப்பர் வளையம் வேண்டும். வேலைக்கு முன் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட வேண்டும்.

பெரிய லோரிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்து 24 வோல்ட் தரும். 12 வோல்ட் விளக்கை ஒரே பேட்டரியில் மாட்டினால் ஒன்று மட்டும் வடிந்து, மற்றது அளவுக்கு மீறி ஏறும். இரண்டுமே சீக்கிரம் கெடும். அங்கே 24 வோல்ட் விளக்கே பொருந்தும்.

இந்த வேலையை நீங்களே செய்யச் சொல்லவில்லை. அது பட்டறைக்காரர் வேலை. பொதுச் சாலையில் கண்ணைக் கூசும் கூடுதல் விளக்கைப் போட்டால் ஜேபிஜே நடவடிக்கை எடுக்கும் என்பதும் நினைவிருக்கட்டும். ஆனால், அப்பாவோ மாமாவோ லோரி ஓட்டினால், “ஃபியூஸ் எத்தனை ஆம்பியர்? விளக்கு எத்தனை வாட்?” என்று கேட்கலாமே. பள்ளி அறிவியல் கழகங்களும் இதற்காக ஒரு பிற்பகலை ஒதுக்கட்டும். தேர்வுத் தாளில் போடும் அந்த ஒரு வகுத்தல் கணக்கு, தோட்டத்து லோரிக்கும் பயன்பட வேண்டும்.