உப்புக் காற்றைவிடக் கொடியது சிமெண்ட்

2017 டிசம்பர் 14 அன்று திருச்செந்தூர் முருகன் கோயிலில் பிரகார மண்டபம் இடிந்து விழுந்தது. சாமி கும்பிட வந்த ஒரு பெண் உயிரிழந்தார். கடலை ஒட்டி நிற்கும் கட்டடத்தைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதற்கு மேல் சாட்சி தேவையில்லை. ஆனாலும் தூத்துக்குடி மாவட்டக் கடற்கரை விழித்துக்கொள்ளவில்லை.

இந்தக் கரையில் எல்லா மதமும் முத்தோடும் கப்பலோடும் பிணைந்து வளர்ந்தது. தூத்துக்குடி நகரின் பனிமய மாதா சொரூபம் 1555இல் மணிலாவிலிருந்து கடல் வழியாக வந்ததாக மரபு சொல்கிறது. இன்றைய ஆலயம் 1713இல் திறக்கப்பட்டது. அங்கிருந்து நடந்தே போகும் தூரத்தில் டச்சுக்காரர்கள் 1750இல் கட்டிய தூய திரித்துவ ஆலயம் இருக்கிறது. ஊருக்குள் சங்கர ராமேஸ்வரரும் வைகுண்டபதிப் பெருமாளும் குடியிருக்கிறார்கள். தெற்கே காயல்பட்டினத்தின் பழைய பள்ளிவாசல்களில், கோயில் கட்டிய அதே கொத்தர் மரபில் வந்த கல்தூண்கள் உருவச் சிற்பம் ஏதுமின்றி வரிசையாக நிற்கின்றன. இன்னும் தெற்கே, மணப்பாட்டு மணல்குன்றின் மேல் 1581இல் எழுந்த திருச்சிலுவை ஆலயம். இவ்வளவும் ஒரே மாவட்டத்தில்!

இவற்றுக்கு உப்புக் காற்று பழைய பகைதான். திருச்செந்தூர்க் கோயிலின் பழைய மணற்கல் கட்டுமானத்தை அது அரித்துத் தின்றதால்தான், துறவிகள் மூவர் அடுத்தடுத்துப் பாடுபட்டுக் கோயிலைப் புதுப்பித்தார்கள். 1941இல் குடமுழுக்கு நடந்தது. ஆனால் இன்று நம்மை அதிகம் கவலைகொள்ளச் செய்வது பக்தியோடு செய்யப்படும் திருப்பணி.

இந்தக் கரையின் பழைய கட்டடங்கள் பலவற்றில் கடலிலிருந்து வெட்டிய பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்புக் காரையும் இருக்கின்றன. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயிலில் விட்டுவிடும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிவிடும். சுவருக்குள் உப்பு படிகமாக இறுகிக் கல்லைப் பொடியாக்கும். வெளியே சுவர் புத்தம் புதிதாகத் தெரியும். தட்டிப் பார்த்தால் பொள்ளென்று சத்தம் வரும். பிறகு ஒருநாள் பூச்சு பாளம் பாளமாகப் பெயரும்போது பழைய சுவரையும் சேர்த்துக்கொண்டு விழும். மேலே எனாமல் பெயிண்ட், கீழே வழுவழு டைல்ஸ் என்றால் கேட்கவே வேண்டாம். 2001இலிருந்து பவளப்பாறைகள் வனவிலங்குச் சட்டத்தின் உச்சப் பாதுகாப்பில் இருக்கின்றன. அது சரியான சட்டம். ஆகவே இடித்தால் அந்தக் கல் இனிக் கிடைக்காது.

கட்டடத்துக்குப் பொறுப்பு, கோயில் என்றால் அறநிலையத் துறை, பள்ளிவாசல் என்றால் ஜமாத்தும் வக்ஃபு வாரியமும், தேவாலயம் என்றால் அந்தந்த மறைமாவட்டம். பெரும்பாலான இடங்களில் வேலை போகும் கை மட்டும் ஒன்றே: பழங்காரை தெரியாத ஒப்பந்ததாரர். மரபுக் கட்டடங்களுக்கென ஆணையம் அமைக்க 2012லேயே தமிழ்நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. அது ஏட்டைத் தாண்டப் பத்தாண்டுக்கு மேல் பிடித்தது. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் பழைய கோயில்கள் குறித்து 75 உத்தரவுகள் பிறப்பித்தது. பள்ளிவாசலுக்கும் தேவாலயத்துக்கும் அதே அக்கறையைக் காட்டப்போவது யார்?

இதற்கிடையே கடலும் நெருங்குகிறது. திருச்செந்தூர்க் கோயில் முன்பு மணல் அரித்துப் பாறைகளும் பழைய கற்களும் வெளியே தெரிந்ததைப் பக்தர்கள் பார்த்தார்கள். மன்னார் வளைகுடாவில் இரண்டு தீவுகள் ஏற்கெனவே மூழ்கிவிட்டன. மழையும் விட்டுவைக்கவில்லை: 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. அப்படிப்பட்ட வெள்ளத்தில் ஊறிய பழஞ்சுவர்கள் ஒவ்வொன்றையும் வல்லுநர்கள் சோதித்தாக வேண்டும்.

மாவட்ட நிர்வாகம் மதபேதம் பாராமல் ஒரே பட்டியல் தயாரிக்கட்டும். நூறாண்டு கடந்த எந்த வழிபாட்டிடத்திலும் மரபுக் கட்டட வல்லுநரின் ஒப்புதலின்றிச் சுத்தியல் படக்கூடாது என்று உத்தரவிடட்டும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் இருக்கும்போதே இளைஞர்களுக்கு அதைக் கற்றுக்கொடுக்க அரசு பணம் ஒதுக்கட்டும். அதுவரை அறங்காவலர்களும் ஜமாத்தாரும் பங்குத்தந்தையரும் ஆயர்மாரும் சிமெண்ட் மூட்டையை வாசலிலேயே நிறுத்திவைக்க வேண்டும்.