இரண்டாவது இல்லம் அவர்களுக்கு! முதல் இல்லம் எங்கே நமக்கு?



நம் நாட்டில் 'மலேசியா எனது இரண்டாவது இல்லம்' என்றொரு அரசாங்கத் திட்டம் இருக்கிறது. 1996-இல் வேறு பெயரில் தொடங்கி, 2002 முதல் இந்தப் பெயரில் நடந்து வருகிறது. வசதி படைத்த வெளிநாட்டவர் இங்குள்ள வங்கியில் பெருந்தொகையை வைப்பில் போட்டு, வீடும் வாங்கினால் பல ஆண்டுகள் தங்கலாம். ஓய்வு பெற்றவர்கள் நிம்மதியாக வாழப் பினாங்கு நல்ல ஊர், சாப்பாடு மலிவு, மருத்துவம் தரம் என்று வெளிநாட்டுச் சஞ்சிகைகள் எழுதுகின்றன.

வரட்டும். அவர்கள் மீது நமக்குக் கோபம் இல்லை.

நம் கேள்வி வேறு. இந்த மண்ணிலேயே பிறந்து, விடியற்காலை இருட்டில் பால்மரம் சீவி, செம்பனைக் குலை வெட்டி, 40 ஆண்டு உழைத்து முதுகு வளைந்தவருக்கு 'முதல் இல்லம்' எங்கே? அதற்கு ஒரு திட்டம் உண்டா?

ஓய்வுக்காலத்தில் எங்கே வசிப்பது என்பது காசு உள்ளவர்களுக்கு ஒரு தேர்வு. கேமரன் மலையா, போர்ட்டிக்சனா என்று யோசிப்பார்கள். நமக்கோ வேலை முடிகிற நாளும் வீடு முடிகிற நாளும் ஒன்றாகவே வருகின்றன. இது தலையெழுத்து அல்ல. சட்டமும் சம்பளமும் சேர்ந்து செய்த வேலை. எப்படி என்று பாருங்கள்.

வேலையோடு கட்டிய வீடு

தோட்டத்தில் தங்கி வேலை செய்பவருக்கு முதலாளி தரும் வீட்டில் தண்ணீர், மின்சாரம், இடவசதி எப்படி இருக்க வேண்டும் என்பதை 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம் சொல்கிறது. நல்லதுதான். ஆனால் அந்த வீடு உங்களுக்குச் சொந்தமாக வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. லயத்து வீடு வேலைக்காகக் கொடுத்த வீடு. வேலை போனால் அங்கே இருக்கும் உரிமையும் போனது. உங்கள் தாத்தா அந்த வாசலில் மாமரம் நட்டிருக்கலாம். அம்மா அங்கேயே பத்துப் பிள்ளை பெற்றிருக்கலாம். சட்டத்தின் கண்ணில் நீங்கள் அங்கே அனுமதியோடு தங்கியவர், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆட்குறைப்பு செய்தால் முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்று 1980-ஆம் ஆண்டின் விதிகள் சொல்கின்றன. ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு, ஒவ்வோர் ஆண்டு சேவைக்கும் 20 நாள் சம்பளம். ஆனால் ஓய்வு வயதை எட்டி விலகுபவருக்கு அந்த இழப்பீடு கிடையாது. 2013 ஜூலை முதல் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. ஆக, தோட்டத்தை மேம்பாட்டுக்கு விற்க நினைக்கும் நிர்வாகம் கொஞ்சம் பொறுமையாக இருந்தால் போதும். நீங்களே வயதாகி வெளியேறுவீர்கள்! இழப்பீடும் இல்லை, வீடும் இல்லை.

'குடித்து அழித்தார்கள்' என்போருக்கு

"உங்கள் ஆட்களுக்குச் சேமிக்கத் தெரியாது, எல்லாம் கள்ளுக்கடையில் போய்விட்டது" என்று சொல்பவர்கள் உண்டு. நம்மவர்களே மேடை ஏறிச் சொல்கிறார்கள். குடியால் அழிந்த குடும்பங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கணக்கைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள் ஐயா!

2013 வரை இந்த நாட்டில் தேசியக் குறைந்தபட்சச் சம்பளம் என்பதே இல்லை. அந்த ஆண்டு தீபகற்பத்தில் முதன்முதலாக நிர்ணயித்த தொகை 900 ரிங்கிட். அதற்கு ஊழியர் சேமநிதியில் தொழிலாளி பங்கு 11 விழுக்காடு, முதலாளி பங்கு 13 விழுக்காடு. மொத்தம் மாதம் 216 ரிங்கிட். அதே சம்பளத்தில் 20 ஆண்டு வேலை செய்தால், ஈவுத்தொகை நீங்கலாக, சேர்வது 51,840 ரிங்கிட். ஆனால் 55 வயதில் ஒருவர் வைத்திருக்க வேண்டிய அடிப்படைச் சேமிப்பு என்று சேமநிதி வாரியமே 2019-இல் வைத்த இலக்கு 240,000 ரிங்கிட். அதன் பிறகு அந்த இலக்கும் உயர்ந்துவிட்டது. ஒரு சொட்டுக் கள் குடிக்காதவரும் இந்தப் பள்ளத்தை எப்படித் தாண்டுவார்? 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனது. 50 வயதைத் தாண்டியவருக்கு அது காலம் கடந்து வந்த மழை.

பிறகு எங்கே போனார்கள்?

சிலர் மகன் வீட்டு வரவேற்பறையில் பாய் விரித்தார்கள். சிலர் லிப்ட் இல்லாத ஐந்து மாடி மலிவு விலை வீட்டின் உச்சியில் குடியேறினார்கள். முட்டி வலிக்காரருக்கு அது வீடு அல்ல, சிறை. சிலர் புறம்போக்கு நிலத்தில் பலகையும் தகரமும் போட்டுக் கோயிலும் கட்டி, வரியும் கட்டி வாழ்ந்தார்கள்.

வரி கட்டினால் நிலம் சொந்தமாகாது! புறம்போக்கில் குடியிருப்பவருக்குச் சட்டத்திலும் உரிமை இல்லை, நியாய நெறியிலும் உரிமை இல்லை என்று பேராக் மாநில வழக்கொன்றில் கூட்டரசு நீதிமன்றம் 1982-இல் தீர்ப்பளித்தது. இன்றுவரை வெளியேற்ற வழக்குகளில் அதைத்தான் நம் முன்னால் நீட்டுகிறார்கள். தலைமுறை தலைமுறையாக மாடு வளர்த்து வாழ்ந்த பினாங்கு கம்போங் புவா பாலா மக்கள் நீதிமன்றப் படிகள் எல்லாம் ஏறியும், 2009 செப்டம்பரில் அவர்கள் வீடுகள் இடித்துத் தள்ளப்பட்டன. பழைமை நமக்குப் பெருமை தரலாம். பட்டா தராது.

வீடு பார்க்கும்போது எதைப் பார்ப்பது?

விளம்பரத்தில் வரும் நீச்சல் குளத்தை மறந்துவிடுங்கள். 70 வயதில் உங்களுக்குத் தேவையானவை இவை:

1. காகிதம். நிலம் யார் பெயரில்? கிராண்ட் எங்கே? நிரந்தர உரிமையா, குத்தகையா, குத்தகையில் இன்னும் எத்தனை ஆண்டு பாக்கி? நில அலுவலகத்தில் சிறு கட்டணம் கட்டித் தேடினால் தெரிந்துவிடும். தற்காலிகக் குடியிருப்பு உரிமம், அதாவது டி.ஓ.எல்., ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியது. அதை விற்க முடியாது, உரியவர் இறந்தால் அதுவும் செத்துவிடும். மலாய் ஒதுக்கீட்டு நிலத்தை வாய்ப்பேச்சில் வாங்கி வீடு கட்டினால் உங்கள் பெயருக்கு அது ஒருநாளும் மாறாது.

2. படிக்கட்டு. மாடி வீடென்றால் கீழ்த்தளத்துக்கு அருகில் கேளுங்கள். லிப்ட் ஓடுகிறதா என்று கேட்காதீர்கள். போன மாதம் எத்தனை நாள் நின்றது என்று அங்கே குடியிருப்பவரைக் கேளுங்கள்.

3. பராமரிப்புக் கட்டணம். அடுக்குமாடி வீட்டில் அது ஆயுளுக்கும் உண்டு. அதைக் கட்டாமல் விட்டால் நிர்வாகக் கூட்டத்தில் ஓட்டுரிமை போகும் என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கட்டுங்கள். கட்டியபின் கணக்குக் கேளுங்கள்.

4. தூரம். அரசாங்கக் கிளினிக், பஸ், மளிகைக்கடை மூன்றும் நடந்து போகும் தூரத்தில் வேண்டும். ஊருக்கு வெளியே 30 கிலோமீட்டரில் வீடு மலிவாகக் கிடைக்கும். ஆனால் கிளினிக்கில் ஒரு ரிங்கிட் சிகிச்சைக்கு 40 ரிங்கிட் வாடகைக் கார் எடுத்தால் அது மலிவு வீடா?

5. மனிதர்கள். உடம்பு முடியாத இரவில் கதவைத் தட்டினால் திறப்பவர் பக்கத்தில் இருக்கிறாரா? கோயில் மணி கேட்கிற தூரம் சின்ன விஷயம் அல்ல. தனிமை முதுமையை விரைவாகத் தின்றுவிடும்.

6. பெயர். அம்மாமார்களே, அப்பாமார்களே, இதை இரண்டு முறை படியுங்கள். சேமநிதிப் பணத்தை மொத்தமாக எடுத்துப் பிள்ளை பெயரில் வீடு வாங்காதீர்கள். உங்கள் பெயரும் கிராண்டில் இருக்கட்டும். உங்கள் கையெழுத்து இல்லாமல் அந்த வீட்டை விற்க முடியாத நிலை வேண்டும். இது பிள்ளைமேல் சந்தேகம் அல்ல. பிள்ளைக்குக் கடன் வரலாம், விவாகரத்து வரலாம், விபத்து வரலாம். அப்போது தெருவுக்கு வருவது நீங்கள்தான்.

இது மட்டும் போதுமா?

போதாது! தனி மனிதர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் 51,840 ரிங்கிட்டில் இன்றைய தாமானில் ஒரு வீடு கிடைக்காது. கோலாலம்பூரில் மாதம் 124 ரிங்கிட் வாடகைக்கு மக்கள் வீடமைப்புத் திட்ட வீடுகள் உண்டு. ஆனால் தோட்டம் மூடிய பிறகு மனு போட்டு வரிசையில் நிற்பவருக்குச் சாவி எப்போது கிடைக்கும்? அதனால்தான் இதை உரிமைப் பிரச்சினை என்கிறோம்.

உலு சிலாங்கூரில் ஐந்து தோட்டங்களைச் சேர்ந்த 245 குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். வீடு தருகிறோம் என்ற வாக்குறுதியை வைத்துக்கொண்டு இருபது ஆண்டுக்கு மேல் காத்திருந்தார்கள். எத்தனை தேர்தல், எத்தனை மாலை, எத்தனை அரிசி மூட்டை! 2023-இல்தான் அவர்கள் வீடமைப்புக்கு நிதியும் நிலமும் முறையாக உறுதியாயின. அதற்குள் எத்தனை பெரியவர்கள் கண்ணை மூடியிருப்பார்கள்? அந்த மக்கள் கலைந்து போகாமல் ஒன்றாக நின்றதால்தான் இந்த அளவாவது நகர்ந்தது. தனித்தனியாகச் சில்லறை வாங்கிக்கொண்டு போயிருந்தால் 245 என்ற எண்ணே இருந்திருக்காது.

1960-இல் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்ட பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. அன்று நம்மிடம் இன்று இருப்பதைவிடக் குறைவாகத்தான் இருந்தது. ஒற்றுமை மட்டும் கூடுதலாக இருந்தது.

ஆகவே நம் கோரிக்கைகள்:

ஒன்று, தோட்ட நிலத்தை மேம்பாட்டுக்கு மாற்ற அனுமதி கேட்கும்போதே, அங்கே உழைத்தவர்களுக்குச் சொந்த வீடு கட்டித் தருவதை மாநில அரசு நிபந்தனையாக எழுத வேண்டும். நிலம் மாநில அரசின் அதிகாரத்தில் இருக்கிறது. மனம் இருந்தால் முடியும். வீடு முதலில், இடிப்பு பிறகு.

இரண்டு, மலிவு விலை அடுக்குமாடிகளில் கீழ்த்தள வீடுகளை முதியோருக்கும் உடற்குறையுள்ளோருக்கும் ஒதுக்க வேண்டும்.

மூன்று, ஓய்வு பெற்ற தொழிலாளி மாற்று வீட்டின் சாவியைக் கையில் வாங்கும்வரை தோட்ட வீட்டில் இருக்கச் சட்டம் இடம் தர வேண்டும்.

இது பிச்சை அல்ல. இந்த நாட்டின் ரயிலும் ரோடும் ரப்பரும் யாருடைய வேர்வை என்று சரித்திரம் சொல்லும்.

இப்போது உங்கள் பங்கு. இன்னும் தோட்டத்தில் இருக்கிறீர்களா? வேலைக்கடிதம், சம்பளச் சீட்டு, நிர்வாகம் வீடு பற்றி எழுதிக் கொடுத்த எந்தத் துண்டுக் காகிதமாக இருந்தாலும் நகல் எடுத்து வையுங்கள். வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தால், எழுத்தில் கேட்டு எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுங்கள். நோட்டிஸ் வந்தால் தனியாகப் போய் எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள். 40 வயதுக்காரர்களே, உங்களுக்கு இன்னும் 20 ஆண்டு இருக்கிறது. வங்கிக்கடன் பெரும்பாலும் 70 வயதோடு முடிந்துவிடும், தள்ளிப் போடாதீர்கள். பட்டணத்தில் இருக்கும் பிள்ளைகளே, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, "அப்பா, இந்த வீடு யார் பெயரில் இருக்கிறது?" என்று கேளுங்கள்.

பதில் வரவில்லை என்றால் அங்கிருந்துதான் நம் வேலை தொடங்குகிறது.

கேட்காதவனுக்குக் கிடைக்காது. தனியாகக் கேட்பவனை யாரும் மதிக்க மாட்டார்கள். சேர்ந்து கேட்போம்!