கூலிச் சீட்டே பரீட்சைத் தாள்

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் துவங்கியது. கல்லுடைக்கும் பெண்கள் உழைத்துக் களைத்த கையால் எழுத்துப் பழகினார்கள். தேசிய எழுத்தறிவு இயக்கம் வகுத்த அளவுகோல் என்ன? நிமிஷத்துக்கு 30 வார்த்தை வாசிக்க வேண்டும். 7 வார்த்தை பார்த்து எழுத வேண்டும். சொல்லச் சொல்ல 5 வார்த்தை எழுத வேண்டும். அளவுகோலே கூடாதென்று நாம் சொல்லவில்லை. ஆனால் கடிகாரம் மட்டும் போதுமா? அதே பெண்கள் சைக்கிளும் கற்றார்கள். அதை ஓட்டித்தானே காட்டினார்கள்!

இன்று புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் 150 மதிப்பெண்ணுக்குத் தேர்வு நடக்கிறது. அத்துடன் கூலிச் சீட்டையும் கொடுங்கள். எத்தனை லோடு, எவ்வளவு பிடித்தம் என்று அவளே படித்துச் சொல்லட்டும். கணக்கு தப்பாயிருந்தால், தாசில்தாருக்கு மனுவையும் அவளே எழுதட்டும். அந்த மனுவுக்கு மதிப்பெண் போடுங்கள்.