குற்றாலத்தின் பெயர் தாங்கிய பழம்

ரம்புட்டான் நட ஆளிருக்கிறது. மூட்டிப்பழ மரத்தை நட ஆளில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத மரம் இது. தாவரவியல் பெயரான ‘பாக்கோரியா கோர்ட்டலென்சிஸ்’ குற்றாலத்தைச் சுமந்து நிற்கிறது. அடையாளம் காண்பதும் எளிது: அடிமரத்தையே சுற்றிக் கொத்துக்கொத்தாகச் செக்கச்செவேலெனக் காய்த்திருக்கும். தோலைப் பிளந்தால் விதையைப் போர்த்திய புளிப்பும் இனிப்புமான சதை. தோல்கூட ஊறுகாய்க்கு ஆகும். ஆனால், நிறத்தை மட்டும் நம்பிக் காட்டுப்பழம் எதையும் வாயில் போடக் கூடாது. மரம் அறிந்தவர் உறுதி சொல்ல வேண்டும்.

புளிக்கிறதே, யார் வாங்குவார்கள் என்பார்கள். நெல்லியும் புளியும் விற்கும் ஊரில் இது ஒரு குறையா? ஆண், பெண் மரங்கள் தனித்தனி என்பதுதான் நியாயமான தயக்கம். விதைக் கன்று பல ஆண்டு வளர்ந்து ஆணாக நின்றால், நட்டவருக்கு நிழல்தான் மிச்சம். பெண் மரத்திலிருந்து ஒட்டுக்கட்டினால் இந்தச் சூதாட்டம் இல்லை. மகரந்தத்துக்கு அருகில் ஓர் ஆண் மரம் போதும். சமவெளி வெயில் இதற்கு ஆகாது. மலையடிவாரத் தோப்புகளின் ஈர நிழலே இதன் இடம். காட்டிலிருந்து பிடுங்கி வருவதும் தீர்வல்ல. தோட்டக்கலைத் துறை தன் பண்ணைகளில் ஒட்டுக்கன்றுகளை உருவாக்கித் தென்காசி, கன்னியாகுமரி விவசாயிகளுக்குக் கொடுக்கட்டும்.