எடை போட்டோம், சோதித்தோமா?

தோழரே! இன்று ஞாயிற்றுக்கிழமை. நெய்வேலி நகரியத்தில் எத்தனையோ இல்லங்களில் மீன் குழம்பு கொதிக்கும். விலை கேட்டீர், எடை பார்த்தீர், செவுளைத் தூக்கிச் சிவப்பைச் சரிபார்த்தீர். பாதரசம் உண்டா என்பதை எதைக்கொண்டு பார்ப்பீர்? கண் அறியாது, நா அறியாது, கழுவினால் போகாது, கொதித்தாலும் குறையாது.

பழுப்பு நிலக்கரி எரிகையில் அதிலுள்ள பாதரசம் புகையோடும் சாம்பலோடும் வெளியேறுகிறது. நீர்நிலையின் சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதைக் கொடிய மெத்தில் பாதரசமாக்குகின்றன. சிறுமீனில் சேர்வது பெருமீனில் பெருகுகிறது. கருவிலுள்ள குழந்தையின் மூளையையே அது தாக்கும்.

சுரங்க நீர் சென்று சேருவது வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி. நெய்வேலிச் சுற்றுப்புற நீரில் வரம்பை மீறிப் பாதரசம் இருப்பதாகப் பூவுலகின் நண்பர்களும் மந்தன் அத்யயன் கேந்திராவும் 2023இல் அறிக்கை தந்தனர். பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. நீரில் ஐயம் எழுந்தபின், அந்நீரில் வாழும் மீனில் எழாதோ?

ஏற்றுமதியாகும் இறாலுக்கு எத்தனை காவல்! 1997இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியக் கடலுணவுக்குத் தடை போட்டது. பின்னர் இறாலில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தின் எச்சம் கண்டு சரக்கைத் திருப்பியது. இன்று பண்ணை இறாலில் மாதிரி எடுக்கத் தேசியத் திட்டமே உண்டு. சீமைத் தட்டுக்குச் செல்லும் இறாலுக்குச் சோதனை. சேரித் தட்டில் விழும் கெண்டைக்கு வெறும் தராசா?

"ஆலைக்கு ஆபத்து தேடுகிறீர்களா?" என்பர் சிலர். அல்ல. நிறுவனம் தோன்றிய அதே 1956இல்தான் ஜப்பானின் மினமாட்டா நோய் வெளிச்சத்துக்கு வந்தது. 1959இல் அங்கே ஆலை மருத்துவரே கழிவைப் பூனைக்கு ஊட்டி உண்மை கண்டார். நிர்வாகம் அதை மூடி மறைத்தது. 1968 வரை கழிவு கொட்டப்பட்டது. மாண்டவர் மீனவர்; மாளாப் பழி ஆலைக்கு. சோதனையா அந்த ஆலையைக் கெடுத்தது? மறைத்ததே கெடுத்தது! நெய்வேலித் தொழிலாளியின் பிள்ளையும் இந்த மீனைத்தான் உண்கிறது.

எனவே தோழரே, அடுத்த கிராம சபையில் எழுந்து நில்லுங்கள். இரு ஏரிகளின் மீனையும் மூன்று திங்களுக்கு ஒருமுறை சோதிக்கட்டும். முடிவைத் தமிழில் எழுதி, ஊராட்சி மன்றச் சுவரிலும் மீன் அங்காடியிலும் ஒட்டட்டும். குற்றமில்லையேல் மீனவன் நிமிர்ந்து விற்பான். குற்றமுண்டேல் தாய் விழித்துக்கொள்வாள். நாட்டுக்கு ஒளி தந்த ஊர் தன் உலையில் கொதிப்பதை அறியாமல் இருளில் இருக்கலாமா? கேளுங்கள்!