கம்பி போடுமுன் ஒரு கேள்வி



வரிப்பத்தான்சேனையில் வீடுகளுக்குச் செல்லும்போது உம்மாமார் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "மகளுக்கு முன்பல்லுல இடைவெளி இருக்கு மிஸ், ஒரு பல்லக் கட்டி மூடினாப் போதாதா?" ஊரார் பேச்சும் நாளைய கலியாணப் பேச்சும் அவர்களை அவசரப்படுத்துகின்றன. பிள்ளையோ வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சிரிக்கிறாள்.

மேல்வரிசையின் நடு இரு பற்களுக்கும் பக்கத்துப் பற்கள் 8, 9 வயதில் முளைக்க வேண்டும். நூறு பேரில் ஏறத்தாழ இருவருக்கு அவற்றில் ஒன்றோ இரண்டுமோ பிறவியிலேயே உருவாவதில்லை. சிலருக்கு ஆணிபோல் சிறுத்து முளைக்கும். இது எவருடைய குற்றமுமல்ல. பெரும்பாலும் பரம்பரையாக வருவது.

பல் இல்லாத இடத்துக்கு வழி இரண்டு. வேட்டைப்பல்லை முன்னே நகர்த்தி, பல்நிறப் பசையால் வடிவம் மாற்றுவது ஒன்று. இடத்தைப் பெருப்பித்துச் செயற்கைப் பல் வைப்பது மற்றொன்று. கடிக்கும் விதம், வேட்டைப்பல்லின் நிறம், வடிவம், தாடையின் இடவசதி ஆகியவற்றைப் பார்த்தே எதுவென்று தீர்மானிப்பார்கள். ஆகவே பல்லை நகர்த்தும் வைத்தியரும் பல்லைக் கட்டும் வைத்தியரும் கம்பி போடுமுன்னரே சேர்ந்து திட்டமிட வேண்டும். வாயின் அச்சில் பற்களை வெட்டி, மெழுகில் மாற்றி அடுக்கி, முடிவை முன்கூட்டியே பார்க்கவும் முடியும். ஒருவர் முடித்த பின் மற்றவரிடம் போனால், விட்ட இடம் போதாமற் போகலாம். பிறகு மீண்டும் கம்பி, மீண்டும் பஸ் பயணம், மீண்டும் செலவு.

எலும்பில் பதிக்கும் பல்லுக்கு அவசரப்படாதீர்கள். முக வளர்ச்சி முடியுமுன் பதித்தால், மற்றப் பற்கள் தாடையோடு இறங்க அது மட்டும் மேலே நின்றுவிடும். அதுவரை கழற்றி மாட்டும் பல்லோ, பக்கத்துப் பல்லில் ஒட்டும் பல்லோ உதவும்.

முதலில் அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையின் பற்சிகிச்சைப் பிரிவில் காட்டுங்கள். தேவையானால் கடிதம் கேளுங்கள். கொழும்பு தேசிய பல் வைத்தியசாலையிலும் பேராதனை பல் வைத்தியசாலையிலும் இரு துறை நிபுணர்களும் இருக்கிறார்கள்.

போகும்போது இவற்றை எழுதிக்கொண்டு போங்கள்: இடத்தை மூடுவதா, திறப்பதா? எத்தனை மாதம்? முடிவில் யார் பல் வைப்பார்? பிறகு பற்கள் நகராதிருக்க எவ்வளவு காலம் தட்டு அணிய வேண்டும்?

கேட்காமல் பாற்பல்லைப் பிடுங்கவேண்டாம். சூத்தையையும் முரசு வீக்கத்தையும் முதலில் சுகப்படுத்துங்கள். பிள்ளையின் விருப்பத்தையும் கேளுங்கள். கம்பியோடு தினமும் பல் துலக்கப்போவது அவள்தானே.