பழைய வண்டிக்கு ஸ்டாப் லீக் போதுமா?

ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறதா? ஒரு பாட்டில் ஸ்டாப் லீக் வாங்கி ஊற்றினால் போதும், பழைய வண்டிதானே என்கிறார்கள். அதற்குச் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

‘வயதான வண்டிக்குப் பெரிய செலவு எதற்கு?’

ஒழுகல் என்றாலே பெரிய செலவு என்று யார் சொன்னது? பல வண்டிகளில் குற்றவாளி வெடித்த ஹோஸ், தளர்ந்த கிளிப், ரப்பர் தேய்ந்த ரேடியேட்டர் மூடி. எல்லாம் சில்லறைச் செலவு. மூடி 1 பார் அழுத்தத்தைத் தாங்கினால் தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காது. மூடி கெட்டால் 100 டிகிரியிலேயே கொதித்து வெளியேறிவிடும். அந்த மூடியை எந்தப் பாட்டிலும் சரிசெய்யாது.

‘ஓட்டையை மட்டும்தான் அடைக்கும்.’

பாட்டிலில் உள்ள நாருக்கும் துகளுக்கும் ஓட்டை எது, குழாய் எது என்று தெரியாது. குறுகலான இடத்தில் சிக்கிக்கொள்ளும், அவ்வளவுதான். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரை வருடக்கணக்கில் ஊற்றி ஓட்டிய ரேடியேட்டரில் குழாய்கள் ஏற்கெனவே சுண்ணாம்பு படிந்து குறுகியிருக்கும். ஆகவே புது வண்டியைவிடப் பழைய வண்டிக்கே ஆபத்து அதிகம். ஹீட்டரின் மெல்லிய குழாய்கள் அடைத்தால் சமவெளியில் தெரியாது. ஊட்டிக் குளிரில் தெரியும்.

ஹெட் கேஸ்கெட்டுக்கென விற்கும் சிலவற்றில் சோடியம் சிலிகேட் இருக்கிறது. சூட்டில் நீர் வற்றி அது கண்ணாடிபோல் இறுகும். 2009இல் அமெரிக்க அரசு பழைய கார்களைக் கழித்துப் புதியவை வாங்க மானியம் தந்தபோது, ஆயிலை வடித்துவிட்டு இதே கரைசலை ஊற்றி ஓடவிட்டுத்தான் அந்த எஞ்சின்களை ஒழித்தார்கள். கூலன்டில் ஊற்றினால் அந்தக் கதி உடனே நேராது. ஆனால் கேஸ்கெட் கிழிந்த எஞ்சினில் கூலன்ட் ஆயிலுக்குள் இறங்க வழி திறந்திருக்கலாம். வளைந்துபோன ஹெட்டை எந்தக் கரைசலும் நிமிர்த்தாது; கழற்றி மட்டம் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

‘லாரிக்காரர்கள் மஞ்சள்தூள் போட்டே ஓட்டினார்களே!’

ஓட்டினார்கள், அடுத்த பட்டறை வரைக்கும். அன்றைய ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். தொட்டியைக் கழற்றி, குழாய்களில் கம்பி விட்டுக் குத்தி, பற்றவைத்து மாட்டிவிடலாம். இன்றைய அலுமினியக் கோரும் பிளாஸ்டிக் தொட்டியும் அந்த வேலைக்கு ஏற்றவையல்ல. அடைத்துக்கொண்டால் புதிதுதான் மாட்ட வேண்டியிருக்கும்.

‘ஜெனரல் மோட்டார்ஸே போட்டதே!’

வலுவான வாதம். காடிலாக் நார்த்ஸ்டார் எஞ்சின்களில் கசிவடைக்கும் வில்லைகளைக் கம்பெனியே கலந்தது உண்மை. ஆனால் அது சுத்தமான புது எஞ்சினில், அளந்து போட்ட முன்னெச்சரிக்கை. சுண்ணாம்பேறிய ரேடியேட்டரில் முழுப் பாட்டிலைக் கவிழ்ப்பதற்கு அது சான்றாகாது.

‘ஆயில் ஒழுகலுக்காவது உதவுமே?’

இதை ஒப்புக்கொள்ளலாம். எஞ்சின் ஆயிலில் கலக்கும் வகை, காய்ந்து இறுகிய ரப்பர் சீலை மென்மையாக்கிச் சற்று உப்ப வைக்கும். கிராங்கின் பின்பக்க சீலை மாற்றப் பொதுவாகக் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும் என்பதால், லேசான கசிவுக்கு ஒருமுறை முயன்று பார்ப்பதில் தவறில்லை. கிழிந்த சீலுக்கும் தேய்ந்த தண்டுக்கும் அது பயன்படாது. பிரேக்கில் எந்தக் கசிவடைப்பானும் கூடவே கூடாது. அங்கே ரப்பர் உப்பினால் பிரேக்கே பிடித்துக்கொள்ளும்.

ஆக, நெடுஞ்சாலையில் நடுவழியில் நின்றுவிட்டால் ரேடியேட்டரில் ஊற்றுங்கள், பட்டறை வரை ஓட்டுங்கள். போனதும் ஊற்றியதை மறைக்காமல் சொல்லி, தண்ணீர்ப் பாதை முழுவதையும் கழுவச் சொல்லுங்கள். ஸ்டாப் லீக்கால் நிச்சயமாக லாபம் பார்ப்பவர் ஒருவர்தான்: அடுத்த வாரம் வண்டியை விற்கப்போகிறவர். பழைய வண்டி வாங்கும்போது, எஞ்சின் ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். பழுப்பு வண்டல் ஒட்டினால் விலையைப் பேசுவதற்கு முன் காரணத்தைக் கேளுங்கள்.